பிரதம அதிதியின் மீசை

அது ஒரு சனிக்கிழமை முற்பகல். வாசுகி டீச்சர் ஈரத்தாளின் ஒரு மூலையை இரண்டு விரல்களால் பிடித்து, செப்புத் தகட்டிலிருந்து மெல்ல உரித்தெடுத்தார். முதலில் வழுக்கைத் தலை வந்தது. அடுத்துக் கண்ணாடி வந்தது. நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, மூக்குக்குக் கீழே, யாரும் அழைக்காத ஒரு மீசையும் வந்தது.

நல்ல கறுப்பு மீசை என்று சொல்ல முடியாது. மழை விட்ட பிறகு ஹந்தானை மலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பனிமூட்டம் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகிக்க வைக்கும் சாம்பல் மீசை. ஆனால் இருந்தது.

"அல்லாஹ்வே! ஆள் போயும் மீசை போகல்லியே," என்றார் ஃபாரூக் நாநா.

எங்கள் மன்றத் தலைவர் நல்லுசாமி தாளுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். மூக்கில் மை ஒட்டாமல் இருந்தது அதிர்ஷ்டம்.

"டீச்சர், இவருக்கு மீசை கெடையாதுங்க."

"தெரியும் தலைவர். இது முந்தின ஆளின்ர."

"முந்தின ஆளுதான் பதவியில இல்லையே! மீசைய மட்டும் எதுக்கு வச்சிருக்கோம்?"

இதற்கு டீச்சரிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதில் புரிவதற்கு முன்கதை கொஞ்சம் வேண்டும். சென்ற வாரம் எங்கள் காரியாலயத்து அலுமாரிகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்த ஒரு வாசகர், உங்களுக்கு அரசாங்கச் சாமான்களைத் தவிர வேறு நினைவுகளே கிடையாதா என்று கேட்டிருந்தார். கிடையாமல் என்ன? இந்த வாரம் ஒரு மன்றத்துச் சாமானைப் பற்றிச் சொல்கிறேன்.

பொட்டு வைத்த இயந்திரம்

எங்கள் கலை மன்றம் கண்டி நகரில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே மருந்துக்கடை. மேலே ஒரு மண்டபம், அதன் பின்னால் ஓர் அறை. அந்த அறையில்தான் அச்சுப்பொறி நிற்கிறது.

பல வருடங்களுக்கு முன்னர் ஒரு வெளிநாட்டுத் தூதரகம் அதை அன்பளிப்பாகத் தந்தது. தந்தவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இது என்ன செய்யும் என்று எங்கள் ஆட்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டால் படிக்காதவர்கள் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம். கனத்த இரண்டு உருளைகள், அவற்றுக்கு நடுவே ஓடும் ஓர் இரும்புப் பலகை, பக்கவாட்டில் கப்பல் சுக்கான் போலக் கைப்பிடிகள் நீட்டிய ஒரு சக்கரம். கரும்பு பிழிவது என்றார் ஒரு செயற்குழு உறுப்பினர். வேட்டி தேய்ப்பது என்றார் இன்னொருவர். வாக்கெடுப்புக்கு விடாமல் அந்த விஷயத்தை அப்படியே ஒத்திவைத்தார்கள்.

அதற்குப் பிறகு இயந்திரத்தின் மீது ஒரு பூப்போட்ட மேசைவிரிப்பைப் போட்டு, பேச்சுப் போட்டிக் கேடயங்களை அடுக்கினார்கள். ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு விரிப்பை விலக்கி, சக்கரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தேங்காய் உடைத்து, மறுபடியும் மூடினார்கள். ஒரு நாள் கூட வேலை செய்யாமல் இத்தனை பூசை வாங்கிய இயந்திரம் மத்திய மாகாணத்தில் வேறு இருக்காது. அதிகாரிகளைச் சேர்த்து எண்ணினால் கணக்கு மாறலாம்.

வாசுகி டீச்சர்தான் விரிப்பை நிரந்தரமாக எடுத்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணமாகிக் கண்டிக்கு வந்து, இங்கே ஒரு பெண்கள் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறார். ஒரு நாள் பரிசளிப்புக்கு நடுவராக வந்தவர், கேடயங்களுக்குக் கீழே தெரிந்த இரும்புக் காலைப் பார்த்துவிட்டு, போட்டியாளர்களை மறந்து, முழங்காலில் நின்று விரிப்புக்குள் தலையை விட்டார். தலையை வெளியே எடுத்தபோது அவர் முகத்தில் குங்குமம்.

அப்படித் தொடங்கியதுதான் சனிக்கிழமை வகுப்பு. திகனவில் புடைவைக் கடை வைத்திருக்கும் ஃபாரூக் நாநாவும் நானும் அதில் நிரந்தரமானவர்கள். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். நகத்தில் மை ஏறியதும் பெரும்பாலும் போய்விடுவார்கள். அந்த மை சவர்க்காரத்துக்கு மசியாது. மண்ணெண்ணெய்க்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கும். ஒரு முறை கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் நான் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்த கொண்டக்டர், பத்து விரலாலும் வோட்டுப் போட்டீர்களா மிஸ் என்று சிங்களத்தில் கேட்டார். பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். இறங்கும்வரை கையைக் கைப்பைக்குள் வைத்திருந்தேன்.

பொன்னாடையின் கதி

இனித் தலைவர். நல்லுசாமி அவர்களுக்குக் கண்டியில் குளியலறைச் சாமான்களும் மாபிள்களும் விற்கும் பெரிய கடை உண்டு. நல்ல மனிதர். மன்றத்துக் கழிப்பறை அவர் கைங்கரியம்; ஊரிலேயே அழகான கழிப்பறை அதுதான். அவருக்கு இருந்த ஒரே கவலை, பிரதம அதிதிகளை உட்கார வைக்க மன்றத்தில் தனியறை இல்லையே என்பது. மண்டபத்தின் பின்னறையில் மெத்தைக் கதிரைகள், திரைச்சீலை, சுவருக்குப் பாதி உயரம் மாபிள் என்று எல்லாவற்றையும் மனதில் பதித்துவிட்டார். இயந்திரம் மட்டும்தான் குறுக்கே நின்றது.

ஒரு செயற்குழுக் கூட்டத்தில் இதை அவர் சொன்னபோது, உபசெயலாளர் என்ற முறையில் நானும் அங்கே இருந்தேன். டீச்சரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இந்த மெஷினால மன்றத்துக்கு என்னங்க பிரயோசனம்?" என்று கேட்டார் தலைவர்.

"படம் அச்சடிக்கலாம்."

"யாரோட படம்?"

டீச்சர் அதுவரை மீன்கடை, மழையில் நிற்கும் முச்சக்கர வண்டிகள், வாவிக் கரையில் கொக்கு என்றுதான் செய்துகொண்டிருந்தார். கொக்கு என்று பதில் சொன்னால் அறை போய்விடும் என்பது அவருக்குப் புரிந்தது.

"யாரின்ர படமும் அடிக்கலாம்," என்றார்.

தலைவரின் முகம் மலர்ந்தது. பிரதம அதிதிகளுக்கு நாங்கள் போர்த்தும் பொன்னாடைகளின் கதி அவரை வெகுநாளாக வருத்திக்கொண்டிருந்தது. போர்த்திய பொன்னாடை அதிதியின் தோளிலிருந்து செயலாளரின் கைக்கும், செயலாளரின் கையிலிருந்து வாகனத்தின் பின்சீற்றுக்கும் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு முறை எங்கள் பொன்னாடையே வேறொரு மன்றத்தின் வழியாக எங்களிடம் திரும்பி வந்தது. ஓரத்தில் இருந்த தேநீர்க் கறையை வைத்து அடையாளம் கண்டோம்.

"பொன்னாடைய டிரைவருக்குக் குடுத்துர்றாங்க. சொந்த மூஞ்சிய யாருக்கும் குடுக்க மாட்டாங்க," என்றார் தலைவர். "ஆண்டு விழாவுக்கு அதிதியோட மூஞ்சிய செப்புல செதுக்கி அச்சடிச்சுக் குடுங்க டீச்சர். அவர் சந்தோசப்பட்டா ரூம் ஒங்களுக்கு. இல்லாட்டி மெஷினத் தூக்கிருவோம்."

இவ்வாறாக, உலோகத்தில் ஊசியால் கீறும் ஒரு நுட்பமான கலையின் எதிர்காலம், அப்போது பதவியில் இருந்த ஓர் அரசியல்வாதியின் சந்தோசத்தில் வந்து நின்றது.

மேலே துடைப்பது, உள்ளே விடுவது

இந்த அச்சுமுறை சொல்வதற்கு எளிது. தகட்டில் மெழுகு பூசி, மெழுகை ஊசியால் கீறி வரைய வேண்டும். அமிலத்தில் இட்டால், கீறிய இடத்தை மட்டும் அது தின்னும். அப்படி உண்டாகும் பள்ளங்களில் மையை நிரப்பி, மேலே படிந்திருப்பதைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து, கம்பளம் போர்த்தி, உருளைகளுக்கு நடுவே ஓட்டினால், பள்ளத்திலிருக்கும் மையைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும்.

துடைப்பதில்தான் வித்தை இருக்கிறது. கஞ்சி போட்ட சல்லாத்துணியைப் பந்தாகச் சுருட்டி வட்டமாகத் துடைக்க வேண்டும். கடைசியில் துணியையும் வைத்துவிட்டு வெறும் உள்ளங்கையால், தகட்டைத் தடவுகிறோமா இல்லையா என்ற அளவில் துடைக்க வேண்டும். மேலே இருப்பது மட்டும் போக வேண்டும். ஆழத்தில் இருப்பதைத் தொடக்கூடாது. அரச காரியாலயத்தில் நீண்டகாலம் வேலை செய்த எனக்கு இது கைக்கு இலகுவாக வந்தது. ஃபாரூக் நாநா அதிகமாகத் துடைத்துப் படத்தையே வெளுக்க வைத்துவிடுவார். கடை மேசையைத் துடைத்த பழக்கம்.

சக்கரத்தைச் சுற்றும்போது, தகடு உருளைக்குள் ஏறுகிற இடத்தில் கை கனக்கும். பிறகு ஒரே சீராகப் போகும். மறுபக்கம் இறங்கும்போது சக்கரம் மெல்லத் துள்ளும். ஆளிவிதை எண்ணெய் வாசனையோடு அந்தத் துள்ளலும் சேர்ந்து, ஒரு வாரத்துக் காரியாலயத்தை என்னிடமிருந்து இறக்கிவிடும். டீச்சருக்கு அது இன்னும் அதிகம். பாடசாலையில் அவர் வருடம் முழுவதும் பிள்ளைகள் வரையும் பூச்சாடிகளுக்குப் புள்ளி போடுகிறவர். அவருடைய சொந்த வேலைக்கு இந்த ஊரில் அந்த ஓர் அறைதான் இருந்தது.

அரசியல்வாதியின் படம் பிரமாதமாக வந்தது. அடர்ந்த தலைமுடி, அதைவிட அடர்ந்த மீசை. மீசைக்கு மட்டும் தகட்டைப் பலமுறை அமிலத்தில் இறக்கினார் டீச்சர். அவ்வளவு ஆழம்.

சரியாக அந்த நேரத்தில்தான் அவருடைய பதவி போனது.

ஆள் மாற்றம்

தலைவர் கலங்கவில்லை. ஓர் உயர் அதிகாரியை அழைத்தார். வழுக்கை, கண்ணாடி, மழித்த முகம். டீச்சர் புதுத் தகடு கேட்டார். நல்ல செப்புத் தகடு கொழும்பிலிருந்து வரவேண்டும், விழாவோ நெருங்கிவிட்டது.

"தகடு நல்லாத்தானே இருக்கு? ஆள்தானே பழுது," என்றார் தலைவர். "முடிய எடுங்க, மீசைய எடுங்க, ஒரு கண்ணாடி போடுங்க. மாபிள் ஒண்ணு வெடிச்சா நாங்க சுவரையா இடிக்கிறோம்?"

தகட்டில் ஒரு கோட்டை அழிக்க வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள செம்பையே கத்தியால் சுரண்டி, பிறகு வழவழப்பான எஃகுக் கோலால் தேய்த்து மட்டமாக்க வேண்டும். தலைமுடி மெல்லிய கோடுகள், போய்விட்டது. மீசை ஆழம். டீச்சர் சுரண்டினார், தேய்த்தார், மறுபடி சுரண்டினார். நான் துடைத்தேன். ஃபாரூக் நாநா சக்கரத்தைச் சுற்றினார். அப்போதுதான் நான் முதலில் சொன்ன அந்தச் சாம்பல் மீசை வந்தது.

"செம்பு மறக்காது தலைவர்," என்றார் டீச்சர். "ஆழமாய்க் கீறினது முழுக்கப் போகாது. நிழல் நிக்கும்."

"அப்ப என்னா செய்றது? அவர் பாத்தா கோவிச்சுக்குவாரே!"

"ஷேவ் எடுக்காம வந்தா சரியாப் போகும்," என்றார் ஃபாரூக் நாநா. "தலைவர், நீங்க போன் போட்டுச் செல்லுங்களேன்."

அந்தத் தொலைபேசி அழைப்புக்குத் தேவை வரவில்லை. அதிகாரிக்கு இடமாற்றம் வந்தது. அவருடைய கதிரைக்கு ஒரு பெண் பணிப்பாளர் வந்தார். தலைவர் அவரையே அழைத்துவிட்டு, வகுப்புக்கு வந்து கதவருகே நின்றார். இந்த முறை அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"அவங்களும் கண்ணாடிதான் டீச்சர். அது மிச்சம்."

டீச்சர் கத்தியை எடுத்தார். வழுக்கைக்கு மேல் முடி வந்தது; கொண்டை வந்தது; தாடை சுருங்கியது; காதில் தோடு ஏறியது. மீசையைச் சுரண்டிச் சுரண்டி அந்த இடத்தில் செம்பு பள்ளமாகிவிட்டது. விழாவுக்கு முதல் நாள் எடுத்த பிரதியிலும், அம்மையாரின் மேலுதட்டில் மெல்லிய ஒரு நிழல்.

"சின்ன லைட்டுக்குக் கீழ வச்சுக் குடுப்போம்," என்றார் தலைவர்.

டீச்சர் அன்று தம் ஊசிகளையும் சுரண்டும் கத்தியையும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வழக்கமாக அவற்றை அறையில்தான் விட்டுப் போவார். அதை நான் கவனித்தேன். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை.

நேரத்துக்கு வந்தவர்

விழாவன்று எங்கள் மன்றத்தில் அதுவரை நடக்காத ஒன்று நடந்தது. பிரதம அதிதி அழைப்பிதழில் போட்டிருந்த நேரத்துக்கே வந்துவிட்டார். பூமாலை வரவில்லை, நாதஸ்வரக்காரர் வரவில்லை, தலைவரே வரவில்லை. நானும் ஃபாரூக் நாநாவும் பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்துக்கொண்டிருந்தோம். அம்மையார் ஒரு கதிரையைத் தாமே எடுத்துப் போட்டுக்கொண்டு, யன்னலருகே உட்கார்ந்து, எங்களிடம் தேநீர் வாங்கிக் குடித்தார். பின்னால் வந்த தலைவர் அந்தக் காட்சியைக் கண்டு துடித்த துடிப்பைச் சொல்லி முடியாது.

மேடையில் படத்தைக் கொடுத்தார்கள். சின்ன விளக்கு என்று பேசியிருந்தது. ஒளியமைப்பாளர் பெரிய விளக்கையே போட்டுவிட்டார். அம்மையார் சட்டகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பக்கத்தில் டீச்சர் தம் கைப்பையின் பட்டியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இது..." என்றார் அம்மையார், ஒலிவாங்கி முன்னால் இருப்பதை மறந்து. "இது எங்கப்பா மாதிரியே இருக்கே!"

தலைவர் விளக்கைக் குறைக்கச் சொல்லி ஒளியமைப்பாளருக்குக் கை காட்டினார்.

"ஹேவாஹெட்டயில தோட்டத்து லொறி ஓட்டினாரு. இதே மீசை. இதே மாதிரி, கோவமில்லாமலே கோவமாப் பாப்பாரு. எல்லாரும் எனக்கு அம்மா சாயல்னுதான் சொல்வாங்க. இது எப்பிடிங்க தெரிஞ்சிச்சு ஒங்களுக்கு?"

தலைவர் கையை இறக்கினார். "மேடம், நாங்க விசாரிக்காம எதையும் செய்றதில்லைங்க."

கைதட்டல் எழுந்தது. அம்மையார் தம் அண்ணனுக்கும் ஒரு பிரதி கேட்டார். பேசும்போது, இந்தப் படம் அச்சடிக்கும் பொறியைப் பார்க்க இன்னொரு நாள் கட்டாயம் வருவேன் என்றார். ஃபாரூக் நாநா என் பக்கம் சாய்ந்து, "பத்மா மிஸ், ரூம் எங்கட," என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். செயற்குழுக்களைப் பற்றி இத்தனை காலம் தெரிந்திருந்தும் நினைத்தேன்.

பொறியைப் பார்க்க வருகிறவர் எங்கே உட்காருவார்?

அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து நின்றார். அம்மையார் மறுபடியும் வரப்போகிறார் என்றார். பிளாஸ்டிக் கதிரையில் அவர் உட்கார்ந்திருந்தது தம் நித்திரையைக் கெடுத்துவிட்டது என்றார். ஆகவே அதிதிகள் அறை இனி ஒரு நாளும் தள்ளிப்போடக்கூடாத தேவை. இருப்பது ஓர் அறை. எனவே அச்சுப்பொறியை மாடிப்படிக்குக் கீழே இறக்கிவிட்டு, அந்த அறையை, அச்சுப்பொறியைப் பார்க்க வரும் அம்மையார் உட்காருவதற்காக அமைப்பது.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் வழிமொழிந்தார்.

மாடிப்படிக்குக் கீழே சக்கரம் பாதிச் சுற்றோடு சுவரில் இடிக்கும் என்று நான் சொன்னேன். பாதிச் சுற்றில் பாதிப் படம் அடிக்கலாம்தானே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கழற்றி மாட்டினால் உருளைகளின் மட்டம் திரும்ப வராது என்றும் சொன்னேன். அதற்கு, பூசை வைக்க மட்டம் எதற்கு என்றார் தலைவர். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார்.

இதை டீச்சரிடம் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வந்தது. அவர் தொலைபேசியில் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஓம்," என்றார். பிறகு, "சனிக்கிழமை தலைவரை வரச் சொல்லுங்கோ பத்மா," என்றார்.

சனிக்கிழமை அவர் ஒரு புதிய செப்புத் தகட்டோடு வந்தார். கொழும்பிலிருக்கும் தம்பி, அக்காவின் சொந்த வேலைக்கென்று தேடி அனுப்பியது. அதைத் துணியிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, தலைவரிடம் நீட்டினார். தலைவரின் முகம் அதில் பொன்னிறமாகத் தெரிந்தது.

"தலைவர், வாறவை போறவையின்ர முகமெல்லாம் செய்தாச்சு. இந்த மன்றத்தைக் கட்டி நடத்திற முகத்தை இன்னும் செய்யேல்லை. அம்மையார் வரேக்க அது சுவரில இருக்க வேண்டாமோ?"

தலைவர் தகட்டில் தெரிந்த தம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். "சே சே, எனக்கு எதுக்குங்க," என்று சொல்லியபடியே கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "ரூம் வேலைய இது முடிஞ்ச பிறகு பாத்துக்குவோம்."

அன்று தொடங்கிய வேலை.

தலைவர் சனிக்கிழமை தோறும் வெள்ளைச் சட்டையில் வந்து, தாடையை உயர்த்தி அமர்கிறார். டீச்சர் வரைகிறார், நான் துடைக்கிறேன், ஃபாரூக் நாநா சுற்றுகிறார். முதல் பிரதியைப் பார்த்த தலைவர், நெற்றியில் சுருக்கம் அதிகம் என்றார். டீச்சர் சுரண்டினார். சுரண்டிய இடத்தில் நிழல் தங்கி, சுருக்கம் இருந்ததைவிட அகன்றது. அதையும் எடுக்கச் சொன்னார். எடுத்ததில் கண்ணுக்குக் கீழே பை விழுந்தது. பையை எடுக்கப்போய்க் கன்னம் ஒடுங்கியது. இளமையாக்க இளமையாக்கத் தலைவருக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. டீச்சர் ஒருபோதும் மறுப்பதில்லை. "அதுக்கென்ன, எடுத்துப் பாப்பம்," என்கிறார்.

இதற்கிடையில் மற்ற நேரங்களில் அவருடைய கொக்குகளும் முச்சக்கர வண்டிகளும் ஒவ்வொன்றாக உருளைக்கு அடியிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கின்றன. ஊசிகளும் கத்தியும் பழையபடி அறையிலேயே தங்குகின்றன. மாபிள்கள் இறங்கி மாடிப்படிக்குக் கீழே அடுக்கப்பட்டிருக்கின்றன.

போன சனிக்கிழமை தலைவர் பொறுமையிழந்து, தலையைத் திருப்பாமல் கேட்டார். "என்னா டீச்சர், இன்னும் ஒரு வாரத்துல முடிச்சிரலாமா? அந்த ரூம் வேலைய வேற..."

டீச்சர் ஊசியின் நுனியை வெளிச்சத்தில் பார்த்தார்.

"வாயை மூடுங்கோ தலைவர். இப்பதான் உதட்டுக்கு வந்திருக்கிறன்."